மலையில் தொடங்குகிற கொள்வனவு

(பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். ஈ.ஆர்.பி. நம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் உர ஸ்டோருக்குப் போய் "ஈ.ஆர்.பி. எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். ஸ்டோர்க்காரர் மூட்டை அடுக்கைக் காட்டுவார். எப்பாவலைப் பாறைப் பொஸ்பேற்று. அநுராதபுர மாவட்டத்தில் வெட்டி எடுத்து அரைத்து அனுப்புகிற உரம். அதே மூன்று எழுத்தைக் கொழும்பில் ஒரு கம்பெனி ஒஃபிஸில் சொன்னால் கணினித் திரையைக் காட்டுவார்கள். கொள்வனவு, களஞ்சியம், கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் வணிக முகாமைத்துவ மென்பொருளுக்கும் அதுதான் பெயர். இந்த இரண்டாவது ஈ.ஆர்.பி.க்குள் முதலாவது ஈ.ஆர்.பி.யை எப்படி ஒழுங்காக வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

தேயிலைக்குப் போடும் கலவையில் மூன்று சரக்கு முக்கியம். நைதரசனுக்கு யூரியா, பொசுபரசுக்கு ஈ.ஆர்.பி., பொட்டாசியத்துக்கு எம்.ஓ.பி. முதலாவதும் மூன்றாவதும் கப்பலில் வருகிறவை. வெளிநாட்டு விலை, டொலர், துறைமுகம், சுங்கம், பிறகு மலையேறும் லொறி என்று அவற்றின் பாதை நீளம். நடுவில் உள்ளது மட்டும் நம் நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. ஒரே கலவைக்குள் போகிற மூன்று பொருள் மூன்று விதமான காத்திருப்போடு நம்மிடம் வந்து சேருகின்றன. ஆனால் நான் பார்த்த பல கணினிகளில் "உரம்" என்று ஒரே பொருள், "30 நாள்" என்று ஒரே காத்திருப்பு. அப்படிப் பதிந்துவிட்டு, மென்பொருள் பிழையாகச் சொல்கிறது என்று அதன்மேல் பழியைப் போடுகிறோம்.

மென்பொருள் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கேள்வி. கையில் எவ்வளவு இருக்கிறது? ஏற்கெனவே ஓர்டர் கொடுத்து வரவேண்டியது எவ்வளவு? இனிச் செலவாகப் போவது எவ்வளவு? கேட்டால் வந்து சேர எத்தனை நாள் ஆகும்? உயர்தரத்தில் வணிகமோ கணக்கியலோ படித்த பிள்ளைகளுக்கு மீள்கட்டளை மட்டம் தெரிந்திருக்கும். ஒரு நாள் செலவை வந்து சேரும் நாட்களால் பெருக்கி, அதோடு ஆபத்துக்கு ஒரு கையிருப்பைச் சேர்த்தால் வருகிற எண் அது. இருப்பு அந்த எண்ணைத் தொட்டதும் "வாங்கு" என்று மென்பொருள் சொல்லும். பெங்களூரின் டாலி, மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ, தமிழ்நாட்டுக்காரர்களின் ஜோஹோ எதை எடுத்தாலும் இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் இருக்கும். எந்த மென்பொருள் நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான்கு கேள்விக்கும் உங்களிடம் சரியான பதில் இருந்தால், ஓரளவு நல்லது எதுவும் போதும்.

அந்தப் பதில்கள் யாரிடம் இருக்கின்றன என்று பார்ப்போம்.

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்து ஸ்டோரில் பெரிய சரக்கு அரிசி. தோட்டம் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். ரயில் பாதை பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் ஒன்று இருந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு முன் இங்கே மூட்டைகள் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்தன. ஆட்களின் பேர்ப் பட்டியல் இருக்கும். தலைக்கு இவ்வளவு என்று அளவு இருக்கும். வண்டி வந்து சேர எத்தனை நாள் என்பது தெரிந்திருக்கும். இந்த மூன்றையும் வைத்துத்தான் அரிசிக் கணக்கு எழுதினார்கள். போன மாதம் எத்தனை மூட்டை போனது என்று பார்த்து ஊகிப்பது அல்ல அது. இந்த மாதம் எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. பிறகு 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கைக்கு அரிசி வந்துகொண்டிருந்த பெரிய வாசல் அடைபட்டது, பங்கீடு வந்தது, கோதுமை மா லயத்து அடுப்புக்கு வந்தது. வழங்குகிற இடம் ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் வீட்டு ரொட்டி இன்னமும் ஞாபகப்படுத்துகிறது.

அரிசிக் கணக்கை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கணக்கில் கடனும் கழிவும் சேர்ந்து எத்தனை குடும்பங்களை வதைத்தன என்பது நமக்குத் தெரியும். கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையைக் கணினிக்குக் கொண்டுபோனவர்களும் தேயிலையோடு சம்பந்தப்பட்டவர்களே என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்றொரு கம்பெனி. தேயிலை விற்றார்கள், கேக் சுட்டார்கள், நாடெங்கும் தேநீர்க் கடைகள் நடத்தினார்கள். அவர்கள் தங்கள் வியாபாரக் கணக்குக்காகத் தாங்களே ஒரு கணினியைக் கட்டினார்கள். அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைச் செய்யத் தொடங்கியது. உலகத்தில் கணினி செய்த முதல் அன்றாட வணிக வேலை என்று அதைச் சொல்வார்கள். 1954இல் தேநீர்க் கடைகளின் தினசரி ஓர்டரை அதன் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் கிழமை நாளுக்கு ஏற்றபடி ஒரு நிலையான ஓர்டர் இருக்கும். கடைக்குப் பொறுப்பான பெண், நாளைக்கு மாற்றம் வேண்டுமென்றால் மட்டும் தொலைபேசியில் சொல்வார். அந்த மாற்றத்தை உள்ளே போட்டால், மறுநாள் எந்தக் கடைக்கு எவ்வளவு ஏற்றவேண்டும் என்று லியோ பிரித்துக் கொடுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தத் தொலைபேசி. இயந்திரத்துக்கு நாளை மழை என்று தெரியாது, பக்கத்துத் தெருவில் திருவிழா என்று தெரியாது. கடையில் நிற்கிற அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவருடைய வாய்ச்சொல் உள்ளே வர வழி வைத்ததால்தான் அந்த ஏற்பாடு நடந்தது. நம் தோட்டங்களில் மென்பொருள் வாங்கும்போது இந்தத் தொலைபேசியை விட்டுவிட்டு வாங்குகிறோம்.

1975இல் ஜோசப் ஒர்லிக்கி என்பவர் மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் பற்றி ஒரு நூல் எழுதினார். தொழிற்சாலை உலகம் இன்றும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் சாரம் எளிது. சில பொருள்களின் தேவையை ஊகிக்கத்தான் முடியும். வேறு சிலவற்றின் தேவை இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது; அதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போட்டாலே வந்துவிடும். தோட்டத்தில் வாங்குகிற பொருள்களில் பெரும் பங்கு இந்த இரண்டாம் வகை.

உரத்தையே எடுங்கள். ஒரு டிவிஷனில் 60 ஹெக்டயர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஹெக்டயருக்கு 200 கிலோ கலவை. 12,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 240. போன வருடமும் 240 போனது, அதனால் இந்த வருடமும் 240 என்று மென்பொருள் சொல்லும். ஆனால் இந்த வருடம் 15 ஹெக்டயர் கவ்வாத்துக்கு, அதாவது செடியை வெட்டிக் குறைக்கிற முறைக்கு, வருகிறது. கவ்வாத்து வெட்டிய மலைக்கு, அதாவது தேயிலைத் துண்டுக்கு, தளிர் வந்து நிமிரும்வரை அந்த உரம் போகாது. மிச்சம் 45 ஹெக்டயர், 180 மூட்டை. கூட வந்த 60 மூட்டையும் மழை மாதங்களில் ஸ்டோரில் கிடக்கும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிபட்டுவிடும். பிறகு கட்டையால் அடித்து உடைக்க இரண்டு ஆள் வேண்டும். இத்தனைக்கும் கவ்வாத்துத் திட்டம் தோட்ட ஒஃபிஸிலேயே இருக்கிறது. எந்த நம்பர் மலை எந்த மாதம் என்று கணக்கப்பிள்ளைக்கு மனப்பாடம். அந்தத் தாள் மேசையில் இருக்கிறது, மென்பொருள் பக்கத்து மேசையில் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

அதனால்தான் கொள்வனவு மலையில் தொடங்குகிறது என்கிறேன். ஸ்டோரில் குறைந்ததைப் பார்த்து வாங்குவது போன மாதத்துக்காக வாங்குவது. மென்பொருளை அமைக்கும்போது பொருள் பட்டியலுக்கு முன்னால் மலைப் பட்டியலைப் பதியுங்கள். நம்பர், பரப்பு, கடைசியாகக் கவ்வாத்து வெட்டிய மாதம், அடுத்தது எப்போது. அதன்மேல் மழையை வையுங்கள். நமக்கு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெருமழை, மார்ச் கடைசியில் இருந்து மே வரை இடைமழை, ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ச்சல். மண்ணில் ஈரமில்லாத நாளில் உரம் போட முடியாது. ஆகவே ஒக்டோபர்ச் சுற்றுக்கான மூட்டை செப்டெம்பர் முடியுமுன் ஸ்டோருக்குள் இருக்கவேண்டும். ஓர்டர் ஓகஸ்டில் போகவேண்டும். மேல்நாட்டின் மேற்குச் சரிவுக்கு எழுதிய நாட்காட்டியை அப்படியே பதுளைக்குப் போட்டால் மழை ஒரு பக்கமும் மூட்டை ஒரு பக்கமுமாகப் போகும். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் இருக்கிறது. உர அளவை அவர்களுடைய பரிந்துரையில் இருந்து எடுங்கள். கொழும்பு மென்பொருள்காரர் போட்டுத் தந்த மாதிரி எண்ணில் இருந்து எடுக்காதீர்கள்.

இனி என் கையால் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்குக் களஞ்சிய மென்பொருளை நான் அமைத்துக் கொடுத்தேன். தூள் கட்டும் காகிதச் சாக்குக்கு மீள்கட்டளை மட்டம் வைக்கவேண்டும். ஒரு வருடச் செலவை எடுத்தேன், நாளுக்குப் பிரித்தேன், ஏழு நாளில் சாக்கு வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். இப்போது சொல்லும் எண்கள் விளங்குவதற்காக முழுமையாக்கியவை. சராசரியாக ஒரு நாளைக்கு 6,000 கிலோ பச்சைக் கொழுந்து. நூறு கிலோ கொழுந்துக்கு இருபத்தொன்று இருபத்திரண்டு கிலோ தூள் என்று வைத்தால் 1,290 கிலோ. சாக்குக்கு 50 கிலோ என்றால் 26 சாக்கு. ஏழு நாளுக்கு 182. ஆபத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 240 என்று பதிந்தேன். கணக்குச் சரி. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

ஏப்ரல் வந்தது. இடைமழை பெய்து கொழுந்து பொங்கியது. நாளுக்கு 10,000 கிலோ. 26 சாக்கு என்றது 43 ஆனது. 240ஐத் தொட்டதும் மென்பொருள் தவறாமல் "வாங்கு" என்றது. ஓர்டர் போன மறுநாளில் இருந்து கொழும்பில் கடைகள் சித்திரைப் புத்தாண்டுக்குப் பூட்டு. ஏழு நாள் பதினாறு நாளானது. நம் லீவைக் கழித்தாலும் பன்னிரண்டு வேலை நாள், 516 சாக்கு வேண்டும். ஆறாவது வேலை நாளில் ஸ்டோர் காலி. தூளைத் தொட்டியில் தேக்கினார்கள். தூள் ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். டீமேக்கர் இரவெல்லாம் அதன் பக்கத்தில் நின்றார். அந்த வாரத் தூளின் ஒரு பகுதியைத் திரும்பவும் சூடேற்ற வேண்டியிருந்தது, விலையும் போனது.

ஸ்டோரில் இருந்த அண்ணன் அப்போது என்னிடம் சொன்னது ஒரே வரி. "தம்பி, சித்திரைக்கு நாங்க எப்பவும் மாசி கடைசியிலயே எடுத்து வைப்போம். நீங்க கேக்கலியே." பதினெட்டு வருடமாக அவருடைய பின் கார்டில், அதாவது ஸ்டோரின் வரவு செலவு அட்டையில், அது இருந்தது. ஒவ்வொரு மார்ச்சும் வரவுப் பக்கத்தில் ஒரு பெரிய எண். நான் கடைசி வருடத்தின் மொத்தத்தை மட்டும் பார்த்தேன். மாதத்தைப் பார்க்கவில்லை, அவரையும் கேட்கவில்லை.

சராசரி என்கிற எண்ணுக்கு அன்றிலிருந்து நான் பயப்படுகிறேன். ஊவாவில் சராசரி மாதம் என்று ஒரு மாதம் இல்லை. பொங்குகிற ஏப்ரல் மே இருக்கிறது, காய்கிற ஓகஸ்ட் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எடுத்த எண் இரண்டிலும் பிழை. அநேகமான மென்பொருளில் மீள்கட்டளை மட்டத்தை மாதம் பார்த்து மாற்றி வைக்க முடியும்; கடை பூட்டுகிற நாட்களை நாட்காட்டியில் குறிக்கவும் முடியும். போயா, வெசாக், சித்திரை, தீபாவளி எல்லாவற்றையும் குறியுங்கள். பெரகலையில் இருந்து அப்புத்தளைக்கு ஏறுகிற பாதையில் மழைக் காலத்தில் கல் உருண்டு விழும் நாட்களை எந்த நாட்காட்டியும் சொல்லாது. அந்த மாதங்களுக்கு மூன்று நாளோ நான்கு நாளோ நீங்களே கூட்டுங்கள்.

சாக்கைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கண்டுகொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் ஆனது. ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை உலர்ந்த காற்று மலையைத் தாண்டி அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்கு அந்தப் புதினா போன்ற தனி வாசனை வருகிறது. கொழுந்து குறைவு, விலை கூட. ஆகவே சாக்குச் செலவும் குறைவு. மென்பொருள் ஆபத்துக் கையிருப்பைக் குறைக்கச் சொல்லும். அதைக் கேட்கக்கூடாது. அந்த மாதங்களில் ஒரு சாக்கு இல்லாமல் தேங்குகிற தூள், வருடத்தின் சிறந்த தூள். கொழும்பு ஏலம் அந்த வாசனைக்குத்தான் காத்திருக்கிறது. எத்தனை சாக்கு செலவாகிறது என்பதை வைத்து மட்டும் ஆபத்துக் கையிருப்பைத் தீர்மானிக்கக்கூடாது. இல்லாமல் போனால் என்ன போகும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். அந்த எடை டீமேக்கர் கையில் இருக்கிறது.

2021க்கு வருகிறேன். அந்த வருடம் மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பர் கடைசியில் தடையை எடுத்தபோது ஒரு பெரிய மழைக்காலத்தின் உரச்சுற்று கைநழுவியிருந்தது. அடுத்த வருடம் டொலர் இல்லை, டீசல் இல்லை, கரண்ட் இல்லை. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. எந்தக் கொள்வனவுத் திட்டமும் இதைத் தடுத்திருக்க முடியாது. கொழுந்து இல்லாத செடியிடம் கிலோவைக் கேட்டு, குறைந்ததற்கு அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் கொடுத்த மலைகளை நான் பார்த்திருக்கிறேன். வராத உரத்தின் விலையைக் கூடை சுமந்த பெண்களிடம் வாங்கினோம். இதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாதங்களில் களஞ்சிய அறையில் வேறொன்றும் நடந்தது. ஒவ்வொரு திங்களும் மென்பொருள் "யூரியா வாங்கு" என்று சிவப்பில் எழுதியது. வாங்க முடியாது என்பதால் ஸ்டோரில் இருந்தவர்கள் அதை வாசிக்காமலே தள்ளப் பழகினார்கள். உரம் திரும்ப வந்தது, பழக்கம் போகவில்லை. ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், மருந்தடிக்கிற ஆட்களின் கையுறை தீரப் போகிறது என்று அதே சிவப்பு வரி மூன்று வாரம் சொல்லியிருக்கிறது. அதையும் தள்ளினார்கள். நான் போன அன்று நான்கு பேர் வெறுங்கையோடு மருந்துத் தொட்டியைத் தூக்கி நின்றார்கள். வாங்க வழியில்லாத பொருளின் திட்டமிடலை அன்றே நிறுத்தி வையுங்கள், காரணத்தை எழுதி வையுங்கள். இருக்கிற ஒவ்வொரு எச்சரிக்கையும் செய்யக்கூடிய ஒன்றாக இருந்தால்தான் மனிதர் அதை வாசிப்பார். ஆளைக் காக்கிற பொருள்களுக்கு, கையுறை, முகக்கவசம், பூட்ஸ், முதலுதவிப் பெட்டி, தனிப் பட்டியல் போடுங்கள். அதில் மட்டும் செலவைப் பார்த்து மட்டத்தைக் குறைக்கும் அனுமதி யாருக்கும் வேண்டாம்.

அனுமதி என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலான கம்பெனிகளில் இந்த எண்களை மாற்றும் கடவுச்சொல் கொழும்பில் இருக்கிறது. காரணம் விளங்குகிறது, களவுக்குப் பயம். ஆனால் வாங்குகிற அதிகாரமும் அளவு சொல்கிற அதிகாரமும் ஒன்றல்ல. காசு கொடுக்கும் கையெழுத்து மேலே இருக்கட்டும். எந்த மாதத்துக்கு எத்தனை சாக்கு, லொறி உண்மையில் எத்தனை நாளில் வருகிறது என்பதை ஸ்டோரில் நிற்கிறவர் பதியட்டும். மலையின் எண்ணைக் கணக்கப்பிள்ளை பதியட்டும். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று மென்பொருள் தானே எழுதி வைத்துக்கொள்ளும். திரையைத் தமிழிலும் சிங்களத்திலும் கேளுங்கள். லயத்தில் பிறந்து ஓ.எல். முடித்து ஸ்டோரில் வேலைக்கு வந்த பிள்ளை ஆங்கிலத் திரைக்குப் பயந்து பேசாமல் இருந்தால், பதினெட்டு வருட அறிவு வாய்க்குள்ளேயே போய்விடும்.

கடைசியாக, தொடங்க நினைப்பவர்களுக்கு. பெப்ரவரியில் தொடங்குங்கள். பெருமழைச் சுற்று முடிந்து ஸ்டோர் மெலிந்திருக்கும், எண்ணுவது லேசு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் வரவு செலவை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மூட்டையையும் கையால் தொட்டு எண்ணுங்கள். கிழிந்த மூட்டையை நிறுத்துப் பாருங்கள். லீட்டர், போத்தல், கேன் என்று மூன்று பெயரில் கிடக்கும் ஒரே மருந்தை ஒரே அளவைக்குக் கொண்டுவாருங்கள். அரைவாசிப் பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். கடந்த மூன்று வருட பின் கார்டுகளை மேசையில் மாதவாரியாக அடுக்குங்கள். அடுக்கிய பிறகு ஸ்டோர்க்காரரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

என்னோடு வேலை செய்த அந்த அண்ணன் அடுத்த வருடம் தானே மார்ச் மாதத்து மட்டத்தை 600 ஆக்கினார். காரணம் எழுதும் கட்டத்தில் "சித்திரை, கடை பூட்டு, மழைக் கொழுந்து" என்று பதிந்திருந்தார். மார்ச் 20க்குப் பிறகு ஒரு காலையில் சாக்கு லொறி அப்புத்தளை வழியாக ஏறி வந்து தொழிற்சாலை வாசலில் நின்றது. அவர் பெரட்டு முடிந்து வந்த இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, கட்டு கட்டாக எண்ணி இறக்கத் தொடங்கினார்.